மலையரண் (11): டொயிலியின் ஓலைகள்

1765இல் ஒல்லாந்தர் கண்டியைப் பிடித்தார்கள், வைத்திருக்க முடியாமல் இறங்கிப் போனார்கள் என்பதோடு சென்ற பகுதி நின்றது. அவர்களுக்கு முன் போர்த்துக்கேயர் 1594இல் தந்துரேயிலும் 1630இல் ரந்தெனிவெலவிலும் 1638இல் கன்னொருவையிலும் பட்ட பாட்டையும் பார்த்துவிட்டோம். இடமும் தளபதியும் மாறினாலும் கதை பெரிதாக மாறவில்லை. படை மலையேறும். ஊர் வெறிச்சோடிக் கிடக்கும். அரிசி கிடைக்காது, வழிகாட்டி கிடைக்கமாட்டான், காய்ச்சல் மட்டும் கிடைக்கும். திரும்பும் வழியில் காடு பேசத் தொடங்கும்.

அப்படிப்பட்ட கண்டி 1815 பெப்ரவரியில், சண்டை என்று சொல்லத்தக்க ஒன்று நடக்காமலே ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1803இல், இதே ஆங்கிலேயர் இதே ஊரில் ஒரு காவற்படையையே பறிகொடுத்தவர்கள். துப்பாக்கி அதேதான், மலையும் ஆறும் அதேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது என்ன என்பதுதான் இந்தப் பகுதியின் விஷயம்.

இரகசிய வேலையின் அருமை ஆங்கிலேயருக்குத் தெரியாததல்ல. கொழும்பை அவர்கள் பிடித்த விதத்தைப் பாருங்கள். ஒல்லாந்தரின் கோட்டையைக் காத்து நின்றது சுவிற்சர்லாந்துக் கூலிப்படை. அதன் உரிமையாளர் டி மியூரன் பிரபு, ஐரோப்பாவில் நியூஷாத்தெல் ஊரில் இருந்தார். 1795இல் ஹியூ கிளெக்கோர்ன் என்ற ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் அங்கே போய், படையை அப்படியே ஆங்கிலேயர் பக்கம் மாற்றிக்கொள்ளப் பேரம் முடித்தார். பிரபுவையும் கூட்டிக்கொண்டு எகிப்து, செங்கடல் வழியாகக் கிழக்கே வந்தார். செய்தியை ஒரு பாலாடைக்கட்டிக்குள் ஒளித்துக் கொழும்புக் கோட்டைக்குள் அனுப்பினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பாலாடைக்கட்டி உண்மையோ இல்லையோ, படை மாறியது உண்மை. 1796 பெப்ரவரியில் கொழும்பு வீழ்ந்தது.

கரையோரத்தை அப்படிப் பிடித்தவர்கள் மலைநாட்டுக்கு வந்தபோது அந்தப் பாடத்தைத் தொலைத்துவிட்டார்கள். முதல் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த்துக்குக் கண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே வாயிலிருந்து வந்தது. அது கண்டி அரசரின் தலைமை அமைச்சரான மகா அதிகார் பிலிமத்தலாவையின் வாய். 1798இல் இராஜாதி இராஜசிங்கர் வாரிசில்லாமல் இறந்ததும், தென்னிந்திய நாயக்க வம்சத்துப் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்ற பெயரில் அரியணையில் ஏற்றியவர் அவர்தான். மறு ஆண்டே அவிசாவளையில் நோர்த்தைச் சந்தித்து, தான் ஏற்றிவைத்த அரசரையே இறக்குவது பற்றிப் பேசத் தொடங்கினார். இவர் தங்கள் ஆள் என்று நோர்த் நம்பினார். அதிகாரோ நோர்த்தைத் தன் காயாக நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரே ஒற்றனை, அதிலும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கும் ஒற்றனை நம்பி ஒரு நாட்டின்மேல் படை நடத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1803ஐவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை.

1802இல் பிரித்தானியப் பிரஜைகளான வணிகர்களின் பாக்கைக் கண்டியர் பறித்த விவகாரம் போருக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1803 ஜனவரி கடைசியிலும் பெப்ரவரி தொடக்கத்திலுமாக ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டார்கள். இரு படையும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 பேர். பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது வரவேற்க ஓர் உயிரும் இல்லை. அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது. கூட்டிவந்த முத்துசாமியை அரசராக்கினார்கள். இவர் மறைந்த அரசரின் பட்டத்து இராணியின் சகோதரர். ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்திருந்தவர். முடி சூட்டியாயிற்று, வணங்கத்தான் குடிமக்கள் வரவில்லை.

மழை பிடித்தது. காய்ச்சல் பரவியது. பெரும்பகுதிப் படை இறங்கிவிட, மேஜர் டேவியின் கீழ் ஒரு காவற்படையும், எழுந்து நிற்க முடியாத நோயாளிகளும் எஞ்சினார்கள். மே மாதம் தம்பதெனியவில் நோர்த் மறுபடியும் பிலிமத்தலாவையைச் சந்தித்து ஓர் உடன்பாடு பேசினார். ஜூன் 24 அதிகாலை கண்டியர் தாக்கினார்கள். டேவி சரணடைந்தார், திருகோணமலைக்கு உயிரோடு போக விடுவதாகப் பேச்சு.

அவர்கள் வந்து நின்ற வட்டாபுளுவ இன்று கண்டி நகரத்தோடு ஒட்டிய குடியிருப்பு. அன்று அது மகாவலிக் கரை, அவ்வளவுதான். ஆறு கரைபுரண்டு ஓடியது. தோணி இல்லை. மூங்கில் வெட்டித் தெப்பம் கட்டப் பார்த்தார்கள், வெள்ளம் விடவில்லை. அக்கரைக்கு ஒரு கயிறுகூட இழுக்க முடியாமல் நனைந்து நின்றவர்களிடம் அரசரின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி முதலில் மறுத்தார், பிறகு கொடுத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அடுத்து ஆயுதங்களைக் கீழே போடச் சொன்னார்கள். போட்டபின் இருவர் இருவராக அழைத்துப் போய்க் கொன்றார்கள். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் கழுத்தில் வெட்டுக் காயத்தோடு பிழைத்து, மாத்தளைப் பக்கம் இருந்த மக்டோவல் கோட்டைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்தார். என்ன நடந்தது என்று வெளியுலகுக்குத் தெரிந்தது அவர் வழியாகத்தான். டேவி கைதியாகவே ஆண்டுக்கணக்கில் கண்டிப் பக்கத்தில் இருந்து அங்கேயே இறந்தார்.

அடுத்த ஆண்டு இன்னொரு அனர்த்தம். பல திசையிலிருந்து படைகள் கண்டியை நோக்கிப் போவதாகத் திட்டம். பிறகு அது கைவிடப்பட்டது. மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டனுக்குக் கிடைத்த கடிதம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அவர் சுமார் 300 பேரோடு கண்டிவரை போய்விட்டார்! மற்றப் படைகள் எங்கே என்று பார்த்தால் யாரும் இல்லை. காட்டு வழியே சண்டையிட்டபடி திருகோணமலைக்குத் தப்பி வந்தார். தன் எதிரியைப் பற்றித் தெரியாதது ஒருபுறம் இருக்க, தன் சொந்தப் படை எங்கே நிற்கிறது என்பதே தெரியாத நிலை அது.

இந்த இடத்தில்தான் ஜோன் டொயிலி வருகிறார்.

1774இல் பிறந்தவர், கேம்பிரிஜில் படித்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவில் சேவைக்கு இலங்கை வந்தார். மாத்தறையில் பணிபுரிந்த காலத்தில் வேரகம்பிட்ட விகாரையின் கரத்தொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றார். கற்றார் என்றால், ஏவல் சொல்லும் அளவுக்கு அல்ல. ஏட்டை வாசித்து, கவிதையின் நயம் சொல்லி, மாகாணத்தை ஆளும் ஒரு திசாவைக்கு எந்த விளி, ஒரு பிக்குவுக்கு எந்த விளி என்று பிசகாமல் எழுதும் அளவுக்கு. 1805இல் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளரானார். அந்தப் பதவிப் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. கண்டி இராச்சியத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுதும் அவர் மேசை வழியாகப் போயிற்று. கடிதத்தோடு வந்த மனிதர்களும் அவரிடம்தான் வந்தார்கள்.

புதிய தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் போரை விரும்பவில்லை. ஐரோப்பாவில் நெப்போலியனோடு மல்லுக்கு நிற்கும் லண்டன் இங்கே பணமோ படையோ செலவழிக்கத் தயாராக இல்லை. ஆகவே சமாதான உடன்படிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை என்ற ஒரு நிலை நீடித்தது. அந்த அமைதியான ஆண்டுகளில்தான் கண்டி உண்மையில் இழக்கப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

கண்டி மூடிய நாடு. எல்லைப் பாதைகளில் கடவத்தைகள், முள் கதவுகள், காவலர்கள். ஆனாலும் சிலர் வந்து போயே ஆகவேண்டும்; டொயிலிக்குச் செய்தி அவர்கள் வழியாகத்தான் வந்தது. 1766 உடன்படிக்கையோடு கண்டிக்குக் கடற்கரை என்று ஓர் அடிகூட மிஞ்சவில்லை. உப்பு, கருவாடு, துணி எல்லாம் கீழிருந்து ஏற வேண்டும்; பாக்கு மேலிருந்து இறங்க வேண்டும். பொதி சுமக்கும் தவள மாடுகளோடு நடக்கும் முஸ்லிம் வணிகர்களை எல்லையில் முழுதாக நிறுத்தினால் மலைநாட்டுக் கறிச்சட்டியில் உப்பிருக்காது. பிக்குமாரின் போக்குவரத்து இதைவிட நுட்பமானது. 1753இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கர் சீயத்திலிருந்து தேரர்களை வரவழைத்து உபசம்பதாவை மீட்டபின், அந்தத் துறவுச் சடங்கு கண்டியில் மல்வத்தை, அஸ்கிரிய விகாரைகளின் கீழ் நடந்தது. தென்கரையின் இளம் பிக்கு அதைப் பெற வேண்டுமானால் கண்டிக்குப் போய்த்தான் வர வேண்டும். காவியுடையில் மலையேறும் அந்தப் பயணத்தைச் சந்தேகிக்கக் கடவத்தைக் காவலனுக்குக் காரணம் இருக்கவில்லை. நாயக்க வம்சத்து அரசர் பௌத்தத்துக்குச் செய்த மிகப் பெரிய தொண்டு, அரை நூற்றாண்டு கழித்து அதே வம்சத்துக்கு எதிராக ஒரு பாதையைத் திறந்து வைத்தது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

டொயிலியின் 1810 முதல் 1815 வரையான நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. கொட்ரிங்டன் பதிப்பித்து 1917இல் வெளியாயிற்று. பரபரப்பை எதிர்பார்த்து அதைத் திறப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பக்கம் பக்கமாக ஒரே விதமான பதிவுகள். இன்ன ஊரான் வந்தான். இத்தனை நாளுக்கு முன் புறப்பட்டான். இன்ன வழியாக வந்தான். அரசர் எந்த அரண்மனையில் இருக்கிறார், எந்தத் திசாவை அழைக்கப்பட்டார், எவர் முகம் வாடியிருக்கிறது, எந்தக் கணவாயில் எத்தனை பேர் காவல் என்று சொன்னான். அவன் கண்ணால் கண்டதா, கேட்டதா, கேட்டதென்றால் யாரிடம் என்பதையும் டொயிலி பிரித்து எழுதுகிறார். ஒருவன் சொன்னதை அடுத்து வந்தவன் சொன்னதோடு வைத்துப் பார்க்கிறார். நோர்த் ஒருவரிடம் கேட்டுப் படை நடத்தினார். டொயிலி நூறு பேரிடம் கேட்டுக் காத்திருந்தார். இன்றைய உளவு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் வேலையின் சாரம் அந்த நாட்குறிப்பில் இருக்கிறது.

செய்தி கேட்பதோடு டொயிலி நிற்கவில்லை. பிரதானிகளுக்கு ஓலை போனது, பரிசு போனது, உறுதிமொழி போனது. பிலிமத்தலாவை அரசரோடு முறிந்து தலையை இழந்தபின் முதல் அதிகாரானவர் எஹலபொல. சப்ரகமுவவும் அவர் பொறுப்பில் இருந்தது. அவருக்கும் டொயிலிக்கும் இடையில் கடிதங்கள் நடந்தன. 1814இல் அவர் கிளர்ந்தார், கிளர்ச்சி பிசுபிசுத்தது, ஆங்கிலேய எல்லைக்குள் ஓடினார். கண்டியிலிருந்த மனைவியும் பிள்ளைகளும் அரசரின் கையில் சிக்கினார்கள். மே மாதம் பிள்ளைகளைச் சிரச்சேதம் செய்து, தாயைப் போகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள்.

இந்தக் கொலைகளை எவரும் நியாயப்படுத்த முடியாது. நான் முயலவும் மாட்டேன். ஆனால் அதன் ஒவ்வொரு விவரமும் எந்த வழியாக நம்மிடம் வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பெற்ற தாயைக் கொண்டே பிள்ளைகளின் தலையை உரலில் இடிக்க வைத்தார்கள் என்ற பகுதி, போருக்கு ஆள்சேர்த்துக்கொண்டிருந்தவர்களின் காகிதங்களிலும், வெற்றிக்குப் பின் எழுதப்பட்ட ஆங்கில நூல்களிலும் ஊன்றி நின்றது. பிற்காலத்தில் மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இந்த அரசரைப் பற்றித் தனி நூலே எழுதி, கொடுங்கோலன் என்ற அந்தச் சித்திரம் எப்படிக் கட்டப்பட்டது என்று ஆராய்ந்திருக்கிறார். உளவு அறிக்கை எழுதியவனே பிறகு வரலாற்றின் மூலச் சான்றாகவும் ஆகிவிட்டால், தோற்றவனுக்காகப் பேச ஏடு எங்கே இருக்கும்?

வணிகர்களின் கதை இன்னும் வேதனையானது. 1814இன் பிற்பகுதியில் கண்டிக்குள் வந்த பத்து வணிகர்களை ஒற்றர்கள் என்று பிடித்து மூக்கும் காதும் கையும் அறுத்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். மூன்று பேர், அறுத்த உறுப்புகள் கழுத்தில் தொங்கக் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். நாகரிக உலகுக்கு எதிரான செயல் என்று கொழும்பு கொதித்தது. கொதிக்க வேண்டிய செயல்தான். அந்தப் பத்துப் பேரும் ஒற்றர்களாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வணிகர் வேடத்தில் ஒற்று நடக்கிறது என்பது கண்டிக்குத் தெரிந்துவிட்ட பிறகு, பாக்கு மூட்டையோடு வரும் எந்த ஏழையும் ஒற்றனாகத்தான் தெரிவான். கத்தி அரசருடையது. அந்தச் சந்தேகத்தை விதைத்ததில் டொயிலியின் மேசைக்கும் பங்குண்டு. அந்த மூவரும் தங்கள் காயத்தோடு வந்ததும், அதையே போருக்கான நியாயமாகக் கொழும்பு எடுத்துக்கொண்டது.

1812இல் வந்த தேசாதிபதி றொபேட் பிரவுண்றிக்கிற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. லண்டன் புதிய போரைக் கேட்கவில்லை. தப்பியோடிய கிளர்ச்சிக்காரரைத் துரத்தி வந்த கண்டியர் சீதாவக்கைப் பக்கம் எல்லை தாண்டித் தீவைத்தார்கள் என்பது கடைசிக் காரணம். 1815 ஜனவரி 10 அன்று போர்ப் பிரகடனம். சண்டை அரசரோடுதான், கண்டி மக்களோடு அல்ல என்று அது சொன்னது. எட்டுப் பிரிவுகளாகப் படை ஏறியது. டொயிலி கூடவே போனார்.

இம்முறை காடு பேசவில்லை. எஹலபொலவுக்குப் பின் அதிகாரான மொல்லிகொடதான் படையின் வழியில் நின்றிருக்க வேண்டியவர். அவர் ஏற்கெனவே டொயிலியோடு பேசிக்கொண்டிருந்தார். வெளிப்படையாக வர அவருக்கு இருந்த தடை ஒன்றே: குடும்பம் கண்டியில் பிணையாக இருந்தது. எஹலபொலவின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். குடும்பம் பத்திரமாக வெளியேறியதும் கொடிகளோடு வந்து சேர்ந்தார். பெப்ரவரி 14இல் ஆங்கிலேயர் கண்டியில் இருந்தார்கள். 18ஆம் தேதி மெதமகாநுவரப் பக்கம், தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு சிறு வீட்டில் அரசரும் இரு இராணிமாரும் பிடிபட்டார்கள். பிடித்தவர்கள் எஹலபொலவின் ஆட்கள். அரசரைக் கட்டி இழுத்து அவமதித்ததாகச் சொல்லப்படுகிறது.

மார்ச் 2. அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் சதர்லண்ட், சிங்களத்தில் ஏபிரகாம் டி சேரம் முதலியார். அந்த உடன்படிக்கையின் பௌத்தம் பற்றிய ஐந்தாம் பிரிவை எல்லோரும் பேசுவார்கள். நம் வாசகர்கள் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளையும் படிக்க வேண்டும். அரசரை நீக்குவதோடு அவை நிற்கவில்லை. 'மலபார்' குலத்துக்கு, அதாவது தென்னிந்தியத் தமிழ் வழியினருக்கு, கண்டி அரசில் எந்த உரிமையும் இனி இல்லை, அரசரின் ஆண் உறவினர் எவரும் பகைவராகக் கருதப்பட்டு உள்ளே வரத் தடுக்கப்படுவர் என்று எழுதின. கையொப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையெழுத்தில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. கண்டி அரசவையில் தமிழ் எவ்வளவு இயல்பாகப் புழங்கியது என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

நாயக்க அரசர்மேல் பிரதானிகளுக்கு மனக்கசப்பு இருந்ததே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்லவே சதி நடந்தது. ஆனால் ஒரு சில வளவுகளின் கசப்பை ஒரு நாட்டின் வெறுப்பாக எழுதி, அதைச் சட்டப் பிரிவாகவும் ஆக்கியது கொழும்பு. ஆங்கிலேயர் பிற்பாடு மலபார் வீதி என்று அழைத்த குமாருப்பே வீதியில் வாழ்ந்த அரச உறவினர்கள் கடல் கடத்தப்பட்டார்கள். 1816 ஜனவரியில் அரசர் 'கோர்ன்வாலிஸ்' கப்பலில் மதராஸுக்குப் போனார். வேலூர்க் கோட்டையில் 1832 ஜனவரி 30 அன்று இறந்தார்.

டொயிலி கண்டியின் ரெசிடென்ட் ஆனார். மக்கள் மனதை அவரைவிட அறிந்த ஆங்கிலேயர் இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் 1817இல் வெல்லசையில் கிளர்ச்சி வெடித்தபோது அது ஆட்சியாளரைத் திகைக்க வைத்தது. ஓலை கொண்டுவந்த பிரதானிகளும் பிக்குமாரும் தங்கள் மனதைத்தான் சொல்லியிருந்தார்கள். சேனைக்காட்டுக் குடியானவனின் மனதை அவர்கள் கொண்டுவரவில்லை. பதுளையிலிருந்து விசாரிக்கப் போன அதிகாரி வில்சன் அம்பெய்து கொல்லப்பட்டார். அடக்க அனுப்பப்பட்ட கண்டிப் பிரதானி கெப்பெட்டிபொல, ஆங்கிலேயரின் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார்.

அவர்கள் யாரை அரசராக ஏற்றார்கள் என்பதுதான் டொயிலியின் அத்தனை ஆண்டுக் காகிதத்துக்கும் கிடைத்த பதில். நாயக்க குலத்தில் வந்த துரைசாமி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவரை! மலபார் அரசனை வெறுத்ததாக எழுதப்பட்ட அதே மக்கள், இரண்டே ஆண்டில், ஒரு துரைசாமிக்காகக் காட்டில் இறங்கிச் செத்தார்கள். அவர் உண்மையில் வில்பாவே என்ற சிங்களவர், முன்னாள் பிக்கு. அரியணை கேட்க வந்தவர் தன் சொந்தப் பெயரில் வரவில்லை. தமிழ்ப் பெயரில் வந்தால்தான் மக்கள் சேருவார்கள் என்று கணக்கிட்டார், கணக்கும் பலித்தது. 1818 செப்டெம்பரில் கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்லே அவரது வேடத்தை வெளிப்படுத்தித் தொழுமரத்தில் பூட்டினார். அதற்குள் பிரவுண்றிக் கேட்ட படைகள் மதராஸிலிருந்து வந்து இறங்கியிருந்தன. ஊவாவில் அவர்கள் வயலையும் குளத்தையும் என்ன செய்தார்கள் என்பது அடுத்த பகுதியில்.